சிறு கடையும் தூரத்துக் கடையும்

கைபேசியை விரலால் தொட்ட அளவில் சேலையும் செருப்பும் வீட்டு வாயிலுக்கு வந்து சேரும் காலம் இது. இதனால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம்மவர் சிறு கடைகள் அழிந்தொழியும் என்று சிலர் புலம்புகின்றனர். அழிந்தால் அழியட்டும், மலிந்த விலைக்கு வாங்குவதே அறிவுடைமை என்று வேறு சிலர் வாதிக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரு செய்தியை மறந்துவிட்டுப் பேசுகின்றனர். சிறு கடைக்குத் தூரத்துக் கடை போட்டியாக வந்தது இன்று நேற்றன்று. அப்போட்டிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், சிறு கடை எதனால் பிழைத்தது, எதனால் கெட்டது என்பது விளங்கும். நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவது இதுவே: நம் சிறு கடையின் வலிமை ஒருபோதும் விலையில் இருந்ததில்லை, அது பற்று ஏட்டில் இருந்தது. அந்த ஏடே அதற்குப் பெருமையாகவும் இருந்தது; இழிவாகவும் இருந்தது.

கடைத்தெரு பிறந்த கதை

1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. அத்தாப்புக் கூரையும் மரப்பலகையுமாக நின்ற ஊர் முதலில் சாம்பலாயிற்று, பிறகு சேறாயிற்று. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப ஏற்பாடு செய்தார். செங்கல் வேண்டுமாயின் காளவாய் வேண்டுமன்றோ? ஊருக்குத் தெற்கே களிமண் நிறைந்த நிலத்தில் காளவாய்கள் எழுந்தன. சீனர் தலைவரான காப்பிட்டான் யாப் குவான் செங் அங்குப் பெரிய சூளை வைத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் அச்செங்கற் சூளைகளால் வந்தது.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றின் மேல் பாலம் முடிந்தபோது வண்டி கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது; 1972 முதல் அதனையே கிள்ளான் துறைமுகம் என்கிறோம். இரயில்வே உத்தியோகத்திற்கும் கூலிவேலைக்கும் வந்த இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினர். கிள்ளானைச் சுற்றிலும் காடு வெட்டப்பட்டு ரப்பர் நடப்பட்டது. துறைமுகத்திற்கும் இருப்புப்பாதைக்கும் தோட்டத்திற்கும் நடுவே, மளிகையும் துணியும் வெற்றிலையும் விற்கும் சிறு கடைகள் தோன்றின. அக்கடைகளை வைத்தோர் பெரும் முதலுடையோர் அல்லர். பலர் உறவினர் கடையில் எடுபிடியாக இருந்து, மெல்ல மெல்லத் தனிக்கடை கண்டவர்கள்.

தோட்டக் கடையும் பற்று ஏடும்

நகரத்துக் கடைக்கு முன்னே தொழிலாளியை வந்தடைந்தது தோட்டத்துக்குள்ளேயே இருந்த கடை. தொழிலாளியின் கூலி நாட்கணக்கில் எழுதப்பட்டு, மாதத்திற்கு ஒருமுறை கொடுக்கப்பட்டது. வயிறோ மாதத்திற்கு ஒருமுறை பசிப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களே தோட்டக் கடையின் முதல். அரிசி, பருப்பு, மிளகாய், கருவாடு, எண்ணெய், சுருட்டு, வெற்றிலை பாக்கு யாவும் பற்றில் வந்தன. பற்று ஏடு கடைக்காரரிடம் இருந்தது. அதில் எழுதியது இன்னதென்று வாங்கியவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு எழுத்தும் கற்பிக்கப்படவில்லை. சம்பள நாளன்று தொழிலாளி கைநீட்டிப் பணம் வாங்கும்போது, சில அடி தூரத்தில் கடைக்காரர் ஏட்டுடன் நின்றார். சில தோட்டங்களில், ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணியே கடைக்காரராகவும் வட்டிக்காரராகவும் இருந்தார். அங்கே ஆளை வேலைக்கு நிறுத்தியவர், அரிசி அளந்தவர், கடன் கொடுத்தவர் மூவரும் ஒருவரே.

ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. தொழிலாளி சட்டப்படி சுதந்தர மனிதனானான். ஆயினும், பற்றுத் தீராதவன் எங்கே போவான்? சட்டம் அவிழ்த்த கட்டை ஏடு மறுபடியும் முடிந்தது. 1920-களின் இறுதியில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுக்கப்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்த 1930-இல் அது 40, 32 என்று குறைக்கப்பட்டது. கூலியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க மேலே ஒரு தீர்மானம் போதியதாயிற்று. பழைய பற்றில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க எவரும் தீர்மானம் செய்யவில்லை.

இக்கொடுமை நம்மவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் ஆலை முதலாளிகள் கூலிக்குப் பதிலாகத் தம் கடைச் சரக்கைத் தலையில் கட்டியபோது, அதனைத் தடுக்க 1831-இல் சட்டம் வந்தது. மலாயாவில் 1955-ஆம் ஆண்டின் தொழிலாளர் வேலைச் சட்டம், கூலியை எங்கே, எவ்வாறு, எவரிடம் செலவிட வேண்டும் என்று முதலாளி விதிக்கும் நிபந்தனை செல்லாதென்றது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையே 124 ஆண்டுகள் உள்ளன. தோட்டத்தில் கணக்கெழுதும் வேலையிலிருப்போர் அந்த இடைவெளியின் பொருளை நன்கறிவர். செக்ரோலில் ஒரு பிடித்தம் எழுத ஒரு நொடி போதும். அதனை அடிக்க ஒரு தலைமுறை வேண்டும்.

எனினும், கடைக்காரரை முழுக் கொடியவராகத் தீட்டுவது வரலாறாகாது. அவரும் நகரத்து மொத்த வியாபாரியிடம் கடனுக்கே சரக்கெடுத்தார். பற்றோடு ஒருவர் இரவோடிரவாக வேறு தோட்டத்திற்கு ஓடிவிட்டால் நட்டம் அவருடையதே. பேறுகாலத்திலும் சாவு வீட்டிலும், ஈடு கேளாமல் அரிசி கொடுத்தவர் அவரே. லயத்தில் வாழ்ந்தவருக்கு வங்கி கதவு திறக்கவில்லை; கடைக்காரர் திறந்தார். முகமறிந்து கொடுத்த அந்நம்பிக்கை கயிறு போன்றது. கிணற்றில் விழுந்தவனைத் தூக்கவும் அதுவே உதவிற்று. மாட்டைக் கட்டவும் அதுவே உதவிற்று.

தபாலில் வந்த கடை

அதே காலத்தில் அதே தோட்டத்தின் பங்களாவில் இருந்த துரைக்கு இத்தொல்லை இல்லை. கல்கத்தாவில் தொடங்கிக் கீழ்த்திசை நகரங்களில் கிளை பரப்பிய ஒயிட்டவே லெய்ட்லா என்னும் கம்பெனி, விலைப்பட்டியல் அச்சிட்டுத் தபால் மூலம் விற்றது. கோலாலம்பூரிலும் அதற்குக் கடை இருந்தது. ரொக்கத்திற்கு மட்டுமே அது விற்றபடியால், வெள்ளையர் அதன் பெயரையே திரித்து, உடனே கொடு, பணத்தையும் கொடு என்று பொருள்படும்படி கேலி செய்தனர். சட்டையும் சீமைப் பாத்திரமும் பங்களாவுக்குப் பார்சலில் வந்தன. ஆகவே, தூரத்திலிருந்து பட்டியல் பார்த்துப் பொருள் தருவிப்பது கைபேசி பெற்றெடுத்த புதுமை அன்று. நம் தோட்டத்து மண்ணிலேயே அது நடந்தது. துரைக்கு நடந்தது, தொழிலாளிக்கு நடக்கவில்லை. கையில் ரொக்கமுள்ளவனே கடையைத் தேர்ந்தெடுக்கிறான். கடனுள்ளவனைக் கடை தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

இம்முறை பேருருவம் கொண்டது அமெரிக்காவில். 1888-இல் கடிகாரம் விற்கப் பட்டியல் அச்சிட்ட ரிச்சர்ட் சியர்ஸ் என்பவரின் வியாபாரம், 1893-இல் சியர்ஸ் ரோபக் கம்பெனியாயிற்று. 1896-இல் கிராமத்து வீடுகளுக்கே தபால் வரத் தொடங்கியது; 1913-இல் சர்க்கார் பார்சல் தபால் முறையை நிறுவியது. கலப்பை முதல் துணி வரை, துப்பாக்கி உட்பட, எல்லாம் பட்டியலில் கிடைத்தன. சிற்றூர்க் கடைக்காரர்கள் பதறினர். சில ஊர்களில் அப்பட்டியல்களைத் திரட்டித் தீயிட்டனர். பட்டியல் எரிந்தது; தபால் நிற்கவில்லை. போட்டியைக் கொளுத்தி ஒழிக்க முயன்ற கடையை ஊரார் மதித்ததாகவும் வரலாறில்லை.

மிதிவண்டி கேட்ட உரிமை

நம்மிடம் அந்த உரிமை தபாலில் வரவில்லை; போராட்டத்தில் வந்தது. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வர வேண்டும், துரையும் உத்தியோகஸ்தரும் எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டுமென்ற இழிவு ஒழிய வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர் சிலர் குண்டுக்கு இரையாயினர்.

இக்கோரிக்கைகளை மானத்தின் கோரிக்கைகள் என்று நாம் போற்றுகிறோம். அவை மானத்தின் கோரிக்கைகளே. ஆனால் வியாபாரத்திற்கும் அவற்றில் பொருளுண்டு. மிதிவண்டி உள்ளவன் கிள்ளான் கடைத்தெருவுக்குப் போய் விலை கேட்டுத் திரும்பலாம். வெளியார் வந்து போகும் தோட்டத்தில் தோட்டக் கடையின் விலை ஒன்றே விலை என்றிராது. மிதிவண்டியிலிருந்து இறங்காத மனிதன், பற்று ஏட்டைக் காட்டு என்று கேட்கவும் துணிவான். கடைத்தெருவின் வரலாற்றை எழுதுவோர் பெரும் வணிகரின் பெயர்களை எழுதுகின்றனர். அம்மிதிவண்டிக்காரனுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு.

ரொக்கம் கற்ற தொழிலாளர்

பற்று ஏட்டின் பிடியிலிருந்து விடுபட இன்னொரு வழியும் உலகில் காணப்பட்டது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-இல், இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தனர். அவர்களுள் பலர் நெசவாளர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸ் மாவும் சரக்கு. கலப்படமில்லாமை, சரியான எடை, ரொக்க வியாபாரம், இலாபத்தை வாங்கியவருக்கே பகிர்தல் ஆகியவை அவர்கள் விதி. ஏழைகள் நடத்திய கடை ஏழைகளுக்குக் கடன் கொடுக்க மறுத்தது எதனால்? கடனால் தாம் பட்ட பாட்டை அவர்கள் அறிந்திருந்ததனால்.

மலாய் நாட்டுச் சமஸ்தானங்களில் 1922-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளரிடையே சிக்கனச் சங்கங்கள் தோன்றின. பின்னர், துண்டு துண்டாக விற்கப்படும் தோட்டங்களால் மக்கள் வேலையும் வீடும் இழப்பதைக் கண்ட வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் தோட்டங்களை வாங்கும் அளவிற்குப் பெருகிற்று. முன்னாளில் பிரிக்பீல்ட்ஸ் சாலையாக இருந்தது இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோட்டத்தையே விலைக்கு வாங்கத் துணிந்த மக்கள், தமக்கென உறுதியான கூட்டுறவுக் கடைகளைத் தெருத்தோறும் நிறுவத் துணியவில்லை. இக்குறையை இன்றும் கடைத்தெருவில் காணலாம்.

துப்பாக்கிக் கடை கற்பிப்பது

சட்டம் ஒரு கடையைக் காக்க இயலுமா என்னும் கேள்வி இங்கு எழுகிறது. அதற்கு விடை சொல்ல மிகவும் பொருத்தமானது துப்பாக்கிக் கடை. 1963-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சிகாகோவிலுள்ள ஒரு கடையிலிருந்து பொய்ப் பெயரில், தபால் மூலம், ஒரு துப்பாக்கி தருவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 22-இல் அத்துப்பாக்கியால் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டார். 1968-இல் அமெரிக்காவில் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வேறு மாநிலத்திலுள்ள பொதுமக்களுக்கு வியாபாரிகள் தபாலில் துப்பாக்கி அனுப்புவதை நிறுத்தியது. ஆகவே இன்று இணையத்தில் ஒருவர் துப்பாக்கிக்குப் பணம் கட்டினாலும், அது அவர் ஊரிலுள்ள உரிமம் பெற்ற கடைக்கே வரும். அக்கடைக்காரர் ஆளைப் பார்த்து, அவரைப் பற்றி விசாரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார். அதற்குக் கட்டணமும் பெறுவார். விலையில் தோற்ற சிறு கடை, பொறுப்பை ஏற்கும் இடமாக நிலைபெற்றது.

நம் நாட்டில் அவசரகாலம் நடந்த 1948 முதல் 1960 வரை, ஆயுதம் வைத்திருந்தவனுக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இருந்தது. காட்டிலிருந்தோர்க்கு உணவு போகாதபடி அரிசியும் கட்டுப்படுத்தப்பட்டது. சில வட்டாரங்களில் தகர டப்பா உணவை விற்கும்போதே கடைக்காரர் துளையிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி வியாபாரத்தையும் வைத்திருப்பதையும் போலீஸ் உரிமத்துக்கு உட்படுத்தியது. 1971-ஆம் ஆண்டின் சட்டம் குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது. இங்கே துப்பாக்கிக் கடைக்கு இணையத்தால் ஆபத்தில்லை.

ஆனால், மஞ்சள் தூளுக்கும் சேலைக்கும் அத்தகைய சட்டம் வாராது, வரவும் வேண்டா. மக்கள் மலிவாக வாங்குவதைத் தடை செய்து கடைக்காரரைக் காப்பது நீதியாகாது. நாம் கொள்ளத்தக்க பாடம் வேறு. தூரத்துக் கடையால் ஏற்க முடியாத ஒரு பொறுப்பைச் சிறு கடை ஏற்குமாயின், அதற்கு இடமுண்டு. துப்பாக்கிக் கடைக்கு அப்பொறுப்பைச் சட்டம் கொடுத்தது. நம் கடைக்காரர் அதனைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

பேரங்காடிகளின் வரவும் போக்கும்

தோட்டக் கடையைக் கொன்றது இணையம் அன்று. 1950-களிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர் நிலங்கள் நகரங்களாயின; பெட்டாலிங் ஜெயா அவ்வாறு எழுந்ததே. பால்மரம் போனபோது லயம் போயிற்று; லயம் போனபோது கடையும் போயிற்று. அடுக்கு வீடுகளில் குடியேறிய மக்களைத் தேடிப் பேரங்காடிகள் வந்தன. 1994-இல் பிரெஞ்சுக் கம்பெனியான கார்ஃபூர் சுபாங் ஜெயாவில் கடை திறந்தது. 2002-இல் ஆங்கிலக் கம்பெனியான டெஸ்கோ பூச்சோங்கில் திறந்தது. 2011-இல், சிறு மளிகைக் கடைகளைப் புதுப்பிக்க அரசு ஒரு திட்டம் தொடங்கியபோது, அப்பேரங்காடிகளையே வழிகாட்டிகளாக நியமித்தது. ஆட்டுக்கு வழிகாட்ட ஓநாயை அழைத்ததாகச் சிலர் நகைத்தனர். ஆனால், விளக்கொளியும் அடுக்கு முறையும் விலைச்சீட்டும் கற்றுக்கொண்ட கடைகள் பயனடையாமற் போகவில்லை.

பின்னர் நடந்தது என்ன? கார்ஃபூர் 2012-இல் இந்நாட்டை விட்டு நீங்கியது. டெஸ்கோ 2020-இல் தன் கடைகளைத் தாய்லாந்துக் கம்பெனிக்கு விற்றது. பட்டியலால் சிற்றூர்க் கடைகளை நடுங்க வைத்த சியர்ஸ் கம்பெனியும் 2018-இல் திவாலாகி நீதிமன்றம் ஏறியது. மறுபுறம், ஜயண்ட் என்னும் பேரங்காடியோ 1944-இல் செந்தூலில் ஒரு சாதாரண மளிகைக் கடையாகத் தொடங்கியதாகும். பெரியது என்றும் பெரியதாக இருப்பதில்லை. சிறியது என்றும் சிறியதாகவே இருக்க வேண்டுமென்ற விதியுமில்லை.

கைபேசிக் கடை

2012-இல் லசாடாவும் 2015-இல் ஷோப்பியும் வந்தன. 2010 அக்டோபர் 27-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடிப் பிரிக்பீல்ட்ஸைச் சின்ன இந்தியா என்று திறந்து வைத்து இரண்டாண்டு முடியுமுன்னர் இப்போட்டி தொடங்கிவிட்டது. தெருவுக்கு வளைவும் வண்ணமும் வந்தன. வாங்குவோரின் கண்ணோ கைபேசிக்குப் போயிற்று. 2020 மார்ச்சு 18-இல் நோய்த்தொற்றின் பொருட்டு நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கடைகள் பூட்டிக் கிடந்த அந்நாட்களில், அதுவரை இணையத்தில் வாங்காதவரும் வாங்கக் கற்றனர்.

இணையக் கடை மலிவாக விற்பதில் மாயமில்லை. தெருவோர வாடகை அதற்கில்லை. ஆயிரக்கணக்கில் ஒரே பண்டத்தைச் செய்தவரிடமே எடுக்கிறது. இடையிலுள்ள இரண்டு மூன்று கைகள் நீங்குகின்றன. முதலீட்டாளர் பணத்தை இறைத்துத் தள்ளுபடிச் சீட்டுகளும் கொடுக்கிறது. சிறிது காலம் அயல்நாட்டிலிருந்து வரும் சில்லறைப் பார்சலுக்கு வரியும் இல்லாதிருந்தது. இணையத்தில் விற்கப்பட்டு இறக்குமதியாகும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. இதனால் இடைவெளி சற்றே குறைந்தது, மறையவில்லை.

இணையக் கடைக்கு ஒரு பெருமையுண்டு. அதனைச் சீர்திருத்தம் பேசுவோர் மறைக்கலாகாது. அது வாங்க வருபவரின் சாதியை ஊகிப்பதில்லை. உடையைப் பார்த்து எடை போடுவதில்லை. தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய் நகரத்துத் துணிக்கடையில் நுழைந்தால், மேல் தட்டிலுள்ள சேலையை எடுத்துக் காட்ட விற்பனையாளருக்குக் கை எழாத காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். விலை கேட்டால் வாங்குவீர்களா என்று எதிர்க்கேள்வி வரும். அத்தாயின் மகள் இன்று கைபேசியில் நூறு சேலைகளைப் புரட்டிப் பார்க்கிறாள். அவளை எவரும் முறைத்துப் பார்ப்பதில்லை. அவள் கடைத்தெருவுக்கு வராததற்கு விலை மட்டுமா காரணம்?

ஆயினும் கைபேசிக்குள்ளும் ஒரு பழைய பேய் புகுந்திருக்கிறது. இப்போது வாங்கு, பிறகு கொடு என்னும் முறை அது. சம்பளம் மாதத்திற்கு ஒருமுறை, ஆசையோ நாள்தோறும், நடுவே நிற்பது பற்று. தோட்டக் கடை நின்ற அதே இடத்தில் இது நிற்கிறது. பழைய கடைக்காரர், வீட்டில் நோயென்றால் ஒரு மாதம் பொறுப்பார். இக்கணக்கு அவ்வாறு முகம் பார்ப்பதில்லை. நாள் தவறினால் தண்டம் தானே ஏறும். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நுகர்வோர் கடன் சட்டம் இத்தகைய கடனையும் மேற்பார்வைக்குள் கொண்டுவர வழி செய்தது. தோட்டக் கூலியைக் காக்க 1955 வரை காத்திருந்த மக்களுக்கு இச்சட்டம் முன்னதாகவே வந்தது என்று மகிழலாம். ஆனால், கடன் வாங்குவோர் கணக்குப் படிக்கக் கல்லாதவரை எந்தச் சட்டமும் பாதிச் சட்டமே.

விற்பவர் நிலையும் ஆராயத்தக்கது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைக்காரர் பலர் இன்று இணைய அங்காடியிலும் சரக்கை வைக்கின்றனர். தங்கள் வாசலில் அவர்கள் முதலாளிகள், அங்கே குடிக்கூலிக்காரர்கள். எந்தக் கடையை முதலில் காட்டுவது, எவ்வளவு கமிஷன் பிடிப்பது என்பதை அங்காடியே முடிவு செய்கிறது. ஒரே வாயிலை நம்பிப் பிழைப்பவன் அவ்வாயிலுக்கு அடிமையாவான் என்பதைத் தோட்டம் நமக்குக் கற்பித்தது. இணையத்தில் விற்பது தவறன்று. அதை மட்டுமே நம்புவது தவறு.

செய்யத்தக்கது

தமிழர் கடை என்பதனால் தமிழர் வாங்க வேண்டும் என்று சிலர் முழங்குகின்றனர். இம்முழக்கம் ஒரு தீபாவளிக்குப் பயன்படும், ஓராண்டுக்குப் பயன்படாது. விலை மிகுதியாகவும் மரியாதை குறைவாகவும் உள்ள கடைக்கு இனத்தின் பெயரால் ஆள் சேர்ப்பது, கங்காணி ஆள் சேர்த்ததைப் போன்றதே. வாங்குவோர்க்கு நன்மை இருந்தால் அவர்கள் வருவர்.

நன்மை செய்ய வழிகள் பல உள. ஒரு பித்தளைக் குத்துவிளக்கின் கனத்தைப் படம் காட்டாது; கை காட்டும். கண்ணெதிரே மில்லில் அரைத்த மிளகாய்த் தூளின் மணத்தைப் பார்சல் தராது. இன்று மாலை வேண்டிய மாலையை நாளை அனுப்பினால் பயனில்லை. அறுந்த சங்கிலியை ஒட்டவும், இரவிக்கையை அளவுக்குத் தைக்கவும், உடைந்த கிரைண்டரைப் பழுதுபார்க்கவும் அருகில் ஆள் வேண்டும். விற்ற பின்னும் பொறுப்பேற்பதே துப்பாக்கிக் கடை கற்பித்த பாடம். சரக்கு கெட்டிருந்தால் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுக்கும் கடைக்கு மக்கள் பத்துக் காசு கூடக் கொடுப்பர்.

விலையில் முற்றிலும் தோற்க வேண்டுமென்பதுமில்லை. தனித்தனியே பத்து மூட்டை வாங்கும் ஐம்பது கடைக்காரர், ஒன்றுகூடினால் ஐந்நூறு மூட்டை வாங்கலாம். ரோச்டேல் நெசவாளர் செய்ததை நம் மளிகைக்காரர் செய்யலாகாதா? அண்டைக் கடையைப் பகையாகக் கருதிக் கொண்டே இருந்தால், இருவரையும் மூன்றாமவன் விழுங்குவான்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஏட்டைத் திறந்து வைக்க வேண்டும். விலையை எழுதித் தொங்கவிடுங்கள். ஆள் பார்த்து விலை சொல்லாதீர்கள். கடன் கொடுப்பீராயின், என்ன வாங்கினார், எவ்வளவு நிலுவை, எந்த நாளில் தீர வேண்டும் என்பதைத் தெளிவான சீட்டில் எழுதி வாங்கியவர் கையிலேயே கொடுங்கள். வேலைக்கிருக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் உரிய சம்பளத்தை உரிய நாளில் கொடுங்கள். பழைய தோட்டத்தைக் கடைக்குள் கொண்டுவராதீர்கள். உள்ளே வருபவர் யாராயினும் மேல் தட்டுச் சேலையை எடுத்துக் காட்டுங்கள்.

வாங்குவோர்க்கும் ஒரு கடமை உண்டு. கடையில் வந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கைபேசியில் வாங்கும் வழக்கம் பெருகுகிறது. கடைக்காரரின் நேரத்தையும் அறிவையும் இனாமாகப் பெறுவது நேர்மையன்று. கைபேசிப் பற்றை எடுக்குமுன், அதன் முழுத் தொகையையும் தண்டத்தையும் கூட்டிப் பாருங்கள். கூட்டத் தெரியாதவர்க்கு வீட்டிலுள்ள படித்த பிள்ளை கூட்டிச் சொல்லட்டும். எழுத்தறியாத பாட்டனாரின் பற்றைக் கடைக்காரர் எழுதினார். எழுத்தறிந்த பேரன், தன் பற்றைத் தானே படிக்காமல் பொத்தானை அழுத்துவானாயின், நூறாண்டுப் பள்ளிக்கூடத்தால் நாம் பெற்றது யாது?

சிறு கடை வாழ்க என்று வாழ்த்துவதால் அது வாழாது. நேர்மையான சிறு கடை வாழும். ஏட்டை மறைக்கும் கடை, சிறிதாயினும் பெரிதாயினும், கைபேசிக்குள் இருப்பினும், மக்களுக்குக் கேடே. ஏட்டைக் காட்டு என்று கேட்கும் மனவுறுதியை நம் மக்கள் கைவிடாதிருப்பாராக.